தாள் இல்லாத பெட்டி

ஒரே உருக்குத் தண்டிலிருந்துதான் இரண்டும்.
நான்கு சுத்தியல்கள் நாலாபுறமும் நின்று
மூன்றே நிமிடத்தில் அடித்து நீட்டும் குழலுக்குத்
தான் எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று தெரியாது.
அடிக்கிற யந்திரத்துக்கும் தெரியாது.
வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளுக்குத் தெரியும்:
ஒன்றில் பச்சைச் சீட்டு, ஒன்றில் சாம்பல்.

பச்சை மாடிக்குப் போகும்.
அங்கே இல்மோ அக்ரூட் கட்டைக்கு
ஏழு முறை எண்ணெய் தேய்ப்பான்.
எட்டாவது முறை வெறும் உள்ளங்கை.
போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால்
உறைந்த ஏரிமேல் சறுக்குவண்டி போவதுபோல
எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்றே தெரியாது.
சில நாள் காரணமில்லாமல்
இரண்டு தடவை கூடுதலாக இழுத்து விடுவேன்.
அதை யாருக்கும் சொன்னதில்லை.

சாம்பல் கீழேயே நிற்கும்.
அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை,
அடிவயிற்றில் அச்சு கூடிய கோடு,
அதைச் சுரண்டி எடுக்க யாருக்கும் நேரம் ஒதுக்கவில்லை.
போல்ட் கறகறக்கும்.
இருநூறு தடவை இழுத்தால் பழகிவிடும் என்று
விற்பவர்கள் சொல்வார்கள்.
முந்நூறு ஆகும்.

விலை?
பச்சை, என் ஒரு மாதச் சம்பளம்.
சாம்பல், ஆறு நாள் கூலி,
ஞாயிறு சேர்க்காமல்.

என் வேலை நிலத்துக்கு அடியில்.
நூறு மீட்டர் சுரங்கம், ஜன்னல் கிடையாது.
பத்தொன்பது வருடமாகக் காதுமூடி.
பச்சை வந்தால் மூன்று தோட்டா.
மூன்று துளையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கினால்
தாளில் கையெழுத்து: ஹெல்வி குர்வினென்.
தாள் பெட்டிக்குள் போகும்.
அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டாம்.
நான் கால் வைக்காத வரவேற்பறைகளில்
என் கிறுக்கல் தொங்குகிறது.

சாம்பல் வந்தால் ஒரே ஒரு வெடி,
குழல் பிளக்கவில்லை என்பதற்காக.
எங்கே பட்டது என்று எவரும் கேட்பதில்லை.
மணல்மேட்டில் பட்டது.

நடுக்கோடை விடுமுறைக்கு முந்தின வியாழன்,
பதினோரு மணிக்கே மேலே எல்லோரும்
ஏரிக்கரைக்கும் சவுனாவுக்கும் கிளம்பிவிட்டார்கள்.
என் மேசையில் மிச்சம் ஒரு சாம்பல்.
ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள்.
மூன்று தோட்டா எடுத்தேன்.
பதிவேட்டில் ‘பழுது’ என்று எழுதினேன்.

கம்பியில் ஊர்ந்து வந்தது தாள்.
ஒரு துளை.
மற்ற இரண்டும் தாளையே தொடவில்லை என்று நினைத்தேன்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்,
ஓரம் மூன்று இதழாகக் கிழிந்திருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.
கையேட்டுக்கும் உத்தரவாதச் சீட்டுக்கும் நடுவே செருகி
பெட்டியை மூடினேன்.

அக்டோபரில் ஒரு கடிதம்.
வடக்கே, போசியோவிலிருந்து. தௌனோ கல்லுங்கி.
கலைமான் மந்தைகளுக்கு வேலி அடிப்பவராம்.
கட்டம் போட்ட தாள், அழுத்தி எழுதும் கை:

‘துப்பாக்கி வந்து சேர்ந்தது. குறையில்லை.
போல்ட் கொஞ்சம் முரண்டு. நானும் அப்படித்தான்.
பெட்டிக்குள் வேறொருவருடைய தாள்
தவறி வந்துவிட்டது.
மடிக்காமல் அனுப்பியிருக்கிறேன்.
அவ்வளவு பணம் கொடுத்தவர்
இது இல்லாமல் வருந்திக்கொண்டிருப்பார்.
தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.
பின்குறிப்பு: மூஸ் மான் ஒன்று விழுந்தது.
தோளுக்குக் குறிவைத்தேன், தோளில்தான் பட்டது.
அதிர்ஷ்டம்.’

மேற்பார்வையாளர் சீர்பா
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
‘எந்தப் பச்சையுடையது இது? எண் எழுத மறந்துவிட்டாயே.’
தேடுகிறேன் என்றேன்.

இரண்டு அட்டைக்கு நடுவே
என் இழுப்பறையில் இருக்கிறது.
ஓரத்தில் அவர் துப்பாக்கியின் எண்ணைப்
பென்சிலால் எழுதிவிட்டேன்.
தபால்தலையும் வாங்கிவிட்டேன்.

அனுப்பினால் நம்பமாட்டார்.
தன் செலவில் இன்னொரு தபால்தலை ஒட்டித்
திருப்பித்தான் அனுப்புவார்.