பிரமாணப் பத்திரம், முப்பத்து நான்கு பக்கம்

லோஷினி த/பெ மாணிக்கவேலு, வயது இருபத்து மூன்று,
பாடகி, செந்தூல், பதினோராம் மாடி,
உறுதிமொழிந்து கூறுவது யாதெனில்…

இதுவரை அடித்துவிட்டேன்.
மீதியை அவள் சொல்கிறாள், நாற்காலியில் சப்பணமிட்டு,
ஐஸ் மைலோவின் கடைசி உறிஞ்சலுக்கு நடுவே.

பிரிக்ஃபீல்ட்ஸ். இரண்டாம் மாடி.
வக்கீல் ஜாலான் டூத்தாவில் யாரோ ஒருவர் விவாகரத்தில் இருக்கிறார்.
நான் குமாஸ்தா, இரவில் நூலகவியல் மாணவன்.
நாளை மறுநாள் தேர்வு: ஐரோப்பிய அச்சின் தொடக்கம்.
மேசையில் இரண்டு கோப்பு. ஒன்று அவளுடையது.
மற்றது மைன்ஸ் நகரத்தில் உலோகம் உருக்கிய ஒருவனுடையது.

முதல் பாட்டை எங்கே பதிந்தீர்கள்?
"அக்கா வீட்டு அலமாரிக்குள்ள. புடவைங்க நடுவுல
எதிரொலி வராது."
'மனுதாரரின் உறவினர் இல்லத்தில்' என்று எழுதுகிறேன்.
ஒன்பதே நாளில் பினாங்கு படகுத்துறைவரை போனது.
கார் கழுவுகிறவன் பாடினான். என் பல் டாக்டர் பாடினார்,
என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு.

பிறகு புஷ்பநாதன் வந்தார். கடன் தந்தார்.
எண்பதாயிரம் வெள்ளி.

(வெள்ளி என்கிறோம். இந்த ஊரோ வெள்ளீயம்.
இரண்டு ஆறு சேறும் சேறுமாகக் கூடுகிற இடத்தில்
ஈயம் தேடிப் படகைவிட்டு இறங்கினவர்கள்
காய்ச்சலில் செத்ததுபோக மிச்சம்தான் கோலாலம்பூர்.
மைன்ஸ்காரன் எழுத்து வார்த்ததும் ஈயத்தில்தான்.
காரீயம், கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் அஞ்சனக்கல்.
நம் ஈயமல்ல. நம்முடையது அப்போது பெரும்பாலும்
மண்ணுக்கடியில் கிடந்தது, யாருக்கும் கடன்படாமல்.)

மார்ச் மாத மேடைக்கு எண்ணூறு சட்டை அடித்தார்கள்,
முதுகில் தேதியோடு.
தேதி வந்தது. நடமாட்டத் தடையும் வந்தது.
"இன்னும் அதுலதான் தரை துடைக்கிறோம்."
என் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினேன்:
ஆகன் யாத்திரிகர்களுக்கு விற்க
புனித ஒளியைப் பிடிக்கும் சின்னக் கண்ணாடிகள் செய்தான்.
கொள்ளைநோய். திருவிழா ஒரு வருடம் தள்ளிப்போனது.
அவள் சிரிக்கவில்லை.
"எத்தனை கண்ணாடி?" என்றாள்.
சரக்குத் தேங்கியவள் கேட்கிற கேள்வி.

பதினாலாம் பிரிவு: கடன் தீராவிட்டால்
மூலப்பதிவுகள் அனைத்தும் கடன் தந்தவரைச் சேரும்.
குரலைப் பற்றி ஒன்றுமில்லை. மூன்று முறை தேடினேன்.

மைன்ஸில், பைபிள் முடிகிற நேரமாகப் பார்த்து
பணம் போட்ட ஃபுஸ்ட் வழக்குப் போட்டான்.
அச்சகம் போனது. கூட இருந்த வேலைக்காரனும்
ஃபுஸ்ட் பக்கம் போனான், பின்னால் அவன் மகளையும் கட்டினான்.
இரண்டு வருடத்தில் ஒரு சங்கீதப் புத்தகம்,
கடைசியில் அந்த இருவர் பெயரும், சிவப்பு மையில்.
இவன் பெயர் போட்டு இவன் அச்சிட்ட தாள்
இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"அப்புறம் என்ன செஞ்சான்?"
வயதான பிறகு ஒரு பேராயர்
வருடத்துக்கு ஓர் உடுப்பு, தானியம், வைன் கொடுத்தாராம்.
"வைனா? பரவாயில்லையே."

கீழே பானா இலைக் கடையில் அவள் பாட்டுதான் ஓடியது.
தலையைச் சாய்த்துக் கேட்டாள், அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோல.
"இதுக்கும் அவருக்குத்தான் காசு" என்றாள்.
பிறகு, "ரெண்டாவது வரில மூச்சைத் தப்பா எடுத்திருக்கேன்."
எடுக்கவேண்டிய இடத்தில் எடுத்து
முணுமுணுத்துக் காட்டினாள், ஒரே ஒரு தடவை.
விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி இருந்தேன்.
அதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள்.
பெயரில் ஓர் எச் விட்டுப்போயிருக்கிறது.
முப்பத்து நான்கு பக்கத்திலும்.
மைன்ஸில் என்றால் அச்சேறும் முன்பே
ஓர் எழுத்தை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகியிருப்பார்கள்.
நான் மொத்தமும் மறுபடி அடித்தேன். இயந்திரம் சூடேறிக் கமறியது.
அவள் ஒவ்வொரு தாளாக வாங்கி, சூடு ஆறும் முன்,
தன் பெயரை மட்டும் வாசித்து
கவிழ்த்து வைத்தாள்.