பதினொன்றாவது கிலோமீட்டர்

படுக்க இடம் பார்க்கிற எருமை மாதிரி
அறுவடை வண்டி ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது.
இடது பெல்ட்டில் ஒன்றரை முழக் கிழிசல்.
ரப்பருக்குள்ளிருந்த எஃகு நரம்புகள் வெளியே வந்து
பல்சக்கரத்தில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன.

நஞ்சுகொண்டாபுரம், ஏரிக்கடைக் கழனி.
நவரை முற்றித் தலை கவிழ்ந்துவிட்டது.
அமிர்தி மலைப்பக்கம் மேகம்.
நின்னாலும் வாடகை ஓடுமா என்று கேட்கிறாள் தேசம்மாள்.
மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு.
ஆத்தூர்க்காரப் பையன் சின்னராசு
போனை மறைத்துக்கொண்டு என்னிடம் சொல்கிறான்:
"பெல்ட்டு சேலத்துல இருந்து வரணுங்ணா. மூணு நாளாகும்."
மூன்று நாள்.
அதை மேகத்துக்கு யார் சொல்வது.

முதலில் வெட்ட வேண்டியது
தொங்குகிற நரம்புகளை.
விட்டால் அடுத்த சுற்றில்
நல்ல பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.
கணியம்பாடியில் கடை போட்ட பிறகு கற்றதில்லை இது.
சியாச்சினில், பத்தொன்பதாயிரம் அடியில்,
ஸ்னோ ஸ்கூட்டரின் வயிற்றடியில் மல்லாந்து கிடந்து கற்றது.
அங்கே கையுறையைக் கழற்றினால்
இரும்பு தோலை எடுத்துக்கொள்ளும்.
இங்கே சித்திரை, மதியம் இரண்டு மணி, வேலூர் வெயில்.
ஸ்பேனர் அதே வேலையைத்தான் செய்கிறது.

லாரி டயரில் அறுத்த பட்டை, மேலே ஒன்று, கீழே ஒன்று.
நடுவில் கிழிசல்.
பம்ப்செட்டிலிருந்து ஒயர் இழுத்து டிரில் போட்டேன்.
பதினாறு துளை, பதினாறு போல்ட்,
நட்டு வெளிப்பக்கம்.
உள்ளே வைத்தால் உருளை தின்றுவிடும்.
அங்கே டயருக்கு எங்கே போவது?
செத்துப்போன இன்னொரு வண்டியின் பெல்ட்டை அறுத்து
கூடாரக் கம்பியால் தைத்தேன்.
ஒவ்வொரு தையலுக்கும் கையைக் கக்கத்தில் வைத்து எடுத்து.

தேசம்மாள் சொம்போடு வந்தாள்.
குடிக்கத்தான் என்று கையை நீட்டினேன்.
அவள் ஸ்பேனர்மேல் ஊற்றினாள். "சுடுதில்ல?"
பிறகு,
"ஒண்ணரை காணி கீது. தாங்குமா?"

இந்தக் கேள்வி எனக்குத் தெரியும்.

ஸ்லெட்ஜில் ஸ்டான்சின் கிடந்தான், சுமை தூக்க வந்தவன்.
நுரையீரலில் நீர் ஏறி
மூச்சு அடுப்பிலிருக்கிற கஞ்சி மாதிரி கொதித்தது.
ஹெலிகாப்டர் இறங்கும் இடம் பதினாலு கிலோமீட்டர்.
சுபேதார் இந்தியில் கேட்டார், தாங்குமா.
தாங்கும் சாப் என்றேன்.
உடனே சொன்னேன். யோசிக்கவில்லை.
எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால்.
பதினொன்று தாங்கியது.
மீதி மூன்றைக் கயிறு கட்டி இழுத்தோம்.
ஹெலிகாப்டர் வந்தது. காத்திருந்தது.
அதற்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் முகம் சுண்டியது.
இவ்வளவு நேரம் செய்துவிட்டு இன்னா பேச்சு இது.

"தெரியாது. அதனாலே இப்படிச் செய்வோம்.
காஞ்ச பக்கமா ஓட்டட்டும்.
நின்ன எடத்திலேயே திருப்பக் கூடாது, அகலமா வளைக்கணும்.
ஒவ்வொரு சுத்துக்கும் நிறுத்தணும், நான் நட்டு இறுக்கணும்.
மடை மூலையிலே சேறு. வண்டி அங்க போவாது.
அதைக் கையாலே அறுத்துக்கணும்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
அப்புறம் ஒன்றும் சொல்லாமல்
அரிவாள் எடுத்துவரப் போனாள்.

வண்டி நகர்ந்தது.
நான் பெல்ட்டைப் பார்த்தபடி கூடவே நடந்தேன்.
நட்டுகள் தாளுக்குள் போகின்றன, வருகின்றன.
பதினாறு.
சின்னராசு கண்ணாடியில் என் கையைப் பார்க்கிறான்,
சாலையை விட்டுக் கழனியில் லாரி ஓட்டுகிறவன் மாதிரி.
பதினாறு.
மலைப்பக்கம் ஒருமுறை இடித்தது.
பதினாறு.
மடை மூலையில் அரிவாள் சத்தம், நிதானமாக.

நான்காவது சுற்றில் பதினைந்து.

கையைத் தூக்கினேன். நிறுத்தினான்.
இதுவரை முக்கால் காணி.
குனிந்து, அறுத்த தாளை விலக்கி விலக்கி
ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.