கவிழ்த்துப் போட்ட படகு

சித்திரை பிறந்த அன்று நள்ளிரவில்
விசைப்படகுகளுக்குத் தடை விழுந்தது.
காசிமேட்டில் அத்தனையும் தோளோடு தோள் இடித்து
ரேஷன் கடை வரிசைபோல் நின்றுகொண்டன.
மீன்கள் சினைப்படும் காலம்,
விட்டுவிடுங்கள் என்கிறது அரசாங்கம்.
சரிதான், விட்டுவிடுவோம்.

ஃபைபர் படகுக்குத் தடையில்லை.
அதனால்தான் சீட்டுப் பணம் போட்டு வாங்கினோம்
பின்பக்கம் பிளந்த இந்தப் பழசை:
ஏகவல்லி, மெர்சி, நான்.
மூன்று பேர், மூன்று அருவாமனை,
அடகு ரசீது நான்கு.

பெரிய போட்டெல்லாம் கட்டிக்கிடக்கும்
இந்த இரண்டு மாதம்தான்
பொடிமீனுக்கும் ஒரு விலை.
பத்து நாளில் ஓட்டையடைத்து இறக்கியாக வேண்டும்.
என் தம்பி தேசப்பன்
இஞ்சினுக்குக் கடன் சொல்லி வைத்திருக்கிறான்.

ரெசின் வந்தது, மேட் வந்தது,
மணிக்கணக்கு வாடகையில் கிரைண்டரும் வந்தது.
விடிகாலையில் படகை நிமிர்த்தக் குனிந்தால்
உள்ளே இரண்டு கண்கள்.

கிழிந்த வலைத்துண்டின்மேல்
குட்டி போட்டிருந்தது பூனை.
நான்கு.
ஒன்றின்மேல் இன்னும் ஈரம் காயவில்லை.

"தூக்கி அப்பால வைங்கக்கா,
மணி ஓடுது" என்றான் கிரைண்டர்காரன்.
வைக்கலாம். எங்கே?
கன்டெய்னர் லாரி உறுமும் எண்ணூர் ரோட்டிலா,
நாய்கள் படுத்திருக்கும் ஐஸ் கம்பெனி வாசலிலா?
ரெசின் வாடைக்கு
எங்களுக்கே தலை கிறுகிறுக்கும்.

ஏகவல்லிக்குக் கோபம்.
"கடல்ல கீற மீனுக்கு ரெண்டு மாசம் லீவு.
இதுக்கு எத்தினி நாளு?"
யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.
பூனை அவளைத்தான் பார்த்தது.

கிரைண்டரைத் திருப்பி அனுப்பினோம்.
அரைநாள் வாடகை போனது.

வெறுங்கையால் தொடங்கினோம்.
கட்டையில் உப்புத்தாள் சுற்றி,
வெளிப்புறம் மட்டும், மெதுவாக.
மீன் வெட்டும் கத்தியால் கொட்டலசு சுரண்டினோம்.
நீலத்துக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் யாரோ ஒருவரின் பெயர்,
போகவே மாட்டேனென்றது.
தோள்பட்டை இற்றுவிட்டது.
தூசி இமைமயிரில் படிந்து
ஒரே பகலில் மூவருக்கும் நரைத்தது.
மெர்சியைப் பார்த்து நான் சிரிக்க,
வாய்க்குள்ளும் தூசி.

மதியம் மெர்சி தன் சோற்றிலிருந்து
மீன் தலையை எடுத்து
படகின் விளிம்பு இடுக்கில் தள்ளினாள்.
நான் பார்க்காததுபோல் இருந்தேன்.
மறுநாள் நானும் தள்ளினேன்,
அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது.
ஏகவல்லி எதுவும் தள்ளியதாகத் தெரியாது.
ஆனால் இடுக்கருகே கிடந்த
பால் பாக்கெட் உறை
எங்கள் இரண்டு பேருடையதும் இல்லை.

பத்து நாள் கழிந்தது. வஞ்சிரம் விலை ஏறியது.
தேசப்பன் தினமும் வந்து
படகைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்,
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போவான்.

பதின்மூன்றாம் நாள் விளிம்பு வழியே கையை விட்டேன்.
வலைத்துண்டு சில்லென்றிருந்தது.

தேடினோம். மெர்சிதான் கண்டுபிடித்தாள்:
துறைமுகத்தில் முறைக்குக் காத்திருக்கும்
ஒரு விசைப்படகின் வீல்ஹவுஸில்,
மடித்துவைத்த லைஃப் ஜாக்கெட்மேல், ஐந்து பேரும்.
இரண்டு மாதம் அசையாத படகு எதுவென்று
அதற்கு யார் சொன்னது?

ஏகவல்லி அன்று முழுக்க அதைத் திட்டினாள்.
திட்டிக்கொண்டே படகை நிமிர்த்தினோம்.
திட்டிக்கொண்டே மேட் வெட்டி,
ரெசினில் தோய்த்து, பிளவின்மேல் ஒட்டி,
குமிழ் நிற்காமல் பிரஷ்ஷால் குத்தினோம்.

இளவேனில் என்று போட்டிருக்கிறது
இரும்புக்கடைக் காலண்டரில்.
வெயில் முதுகைப் பிடுங்குகிறது.
வேலிக்கு அந்தப் பக்கத்து வேம்பு
ரெசின் காயும் முன்னே
பூவை உதிர்த்துவிட்டது அதன்மேல்.
பொறுக்கப் பொறுக்க ஒட்டுகிறது.

"இருந்துட்டுப் போவட்டும் வுடு" என்கிறாள் ஏகவல்லி.
காய நான்கு மணி நேரம்.
பெயின்டர் வந்து நிற்கிறான்,
பேர் இன்னா போட என்று.
மூவரும் மூன்று பேர் சொல்கிறோம்.