ஒரே வட்டு, இரண்டு விடை

கருப்பூரைத் தாண்டி எங்கள் ஆலை.
தலைக்கு வலை, காலுக்கு உறை, வெள்ளைக் கோட்டு.
நேற்றைப் போலவே இன்றும் இருக்கிறதா
என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

இருக்கும்.
முப்பது ஊர்ப் பால் ஒரே தொட்டியில் விழுந்து
எந்த ஊர் என்பதை மறந்துவிடும்.
பிறகு சூடு, குளிர், உருக்கும் உப்பு.
நிமிடத்துக்கு இருநூறு தகடு.
ஒன்று இருபது கிராம். கூடினால் மணியடிக்கும்.
தவறியது மறுபடி கொப்பரைக்குள் போய் உருகிச்
சரியானதாகத் திரும்பி வரும்.
கோடையில் இறங்கிய தகட்டையும் ஐப்பசித் தகட்டையும்
பக்கத்தில் வைத்தால்
பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.
பெற்றவள் என்று யாரும் இல்லை, அது வேறு.

எமல்டா என்னோடு கல்லூரியில் படித்தவள்.
மஞ்சக்குட்டைக்கு மேலே, காப்பிக்கொட்டை அடுக்கிய
ஒரு பழைய கிடங்கில் சீஸ் செய்கிறாள்.
ஒரு வட்டு அனுப்பியிருந்தாள்.
கடைக்காரர் கேட்கிறாராம்,
ஈரம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு,
ஒரு தாளில் எழுதிக்கொடு, போதும்.

ஷிஃப்ட் முடிந்தபின் அறுத்தேன்.
இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு,
ஓரத்திலிருந்து ஒரே தூரம்.
ஒரே தராசு, ஒரே அடுப்பு, ஒரே நான்.
இந்தப் பக்கம் ஈரம் முப்பத்து நான்கு.
அந்தப் பக்கம் நாற்பத்தொன்று.
கை பிசகியிருக்கும் என்று மறுபடி செய்தேன்.
மறுபடியும் அதே சண்டை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன்.
இருபது கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
பதினான்கில் காது அடைத்தது.
பதினாறாம் எண்ணைப் பனி தின்றிருந்தது.

உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து
வட்டுகளின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு
நோட்டைப் புரட்டினாள்.

'ஆகஸ்ட் பதினொண்ணு.
பாதி வெட்டிட்டு இருக்கும்போது ஆரோன் ஸ்கூல் பஸ்ஸ விட்டுட்டான்.
ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்து
மீதிய வெட்டினேன். அவசரத்துல பெரிசு பெரிசா விழுந்துடுச்சு.
உன் நாற்பத்தொண்ணு அதுதான்.'

அந்த நோட்டில் இன்னும் இருந்தன:
மழை, பால் நீர்த்திருந்தது.
கரண்ட் இல்லை, கையைவிட்டுச் சூடு பார்த்தேன்.
நாகலூர்ப் பசு எதையோ தின்றிருக்கிறது, மூன்று நாள் கசப்பு.
நடுநடுவே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.
பத்தொன்பது எண்ணினேன்.
'பொதச்சது' என்றாள்,
சவுக்கு மரத்தடியைக் காட்டி.
'ஒண்ணு உப்பி வெடிச்சுது. ஒண்ணு சோப்பு மாதிரி இருந்துது.
அந்த மாசம் கடன் வாங்கித்தான் தீவனம் போட்டேன்.'

ஒரு சீவல் நீட்டினாள்.
முதலில் உப்பு.
பிறகு நெய் உருக்கிய சட்டியின் அடி.
பிறகு, விழுங்கி வெகுநேரம் கழித்து,
மழை விட்ட தொழுவம்.
இதற்கு எங்களிடம் கருவி கிடையாது.
இருந்தால் நிராகரித்திருக்கும்.

அப்போது ஆரோன் உள்ளே வந்தான்.
ஃபிரிட்ஜைத் திறந்து, எங்கள் ஆலைப் பாக்கெட்டிலிருந்து
ஒரு தகட்டை எடுத்துத் தாளை உரித்து
மடித்து வாயில் போட்டுக்கொண்டு போனான்.
எமல்டா வெட்கப்படவில்லை.
'அவனுக்கு உங்களுதுதான் புடிக்கும்.
இன்னிக்கு எப்படி இருக்குமோங்கிற பயமே இல்லையாம்.
அவனுக்கு வருஷத்துக்கு மூணு கணக்கு வாத்தியார் மாறுறாங்க.
அதாவது மாறாம இருக்கட்டும்.'

அறிக்கைத் தாளில் ஈரத்துக்கு
ஒரே ஒரு கட்டம்தான்.
முப்பத்தேழரை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்,
அந்த வட்டில் எங்கேயும் இல்லாத ஓர் எண்.

சோதித்தது போக மிச்சத்தை
முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.
தொண்ணூறு கிராம் வைத்திருந்தேன்.
பன்னிரண்டாம் நாள், இன்று, எடை போட்டேன்.
இருபத்தாறு.
எந்த மணியும் அடிக்கவில்லை.