கை காட்டாதீங்க

இருபத்திரண்டு வருஷமாய்
நின்ற லாரிகளை மட்டுமே பார்த்தவள் நான்.
செம்பனை ஆலை எடைமேடையில்
ஏறும், நிற்கும், இன்ஜின் அணையும்,
திரையில் எண் நடுங்கி அடங்கும்,
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
ஓடும் லாரி
எனக்கு அறிமுகமில்லாத மிருகம்.

இப்போது எல் ஒட்டிய பழைய விவா காரில்
சுங்கை மெரந்தி நாற்சந்தி.
வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் இப்பால்
வியர்த்துக்கொண்டு நிற்கிறேன்.
விளக்குக் கம்பம் கிடையாது,
தேர்தலுக்குத் தேர்தல் வரும் என்பார்கள்.
நாசி லெமாக் கடையின் நீலக்குடை
நான் எங்கே பார்க்க வேண்டுமோ
அங்கேயே விரிந்திருக்கிறது.

பக்கத்தில் ஹஸ்லிண்டா.
'காக்' என்கிறாள், அக்காவாம்.
என் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவள்,
அவள் காலடியில் இன்னொரு பிரேக்.
"கானான், கீரி, கானான் லாகி."
வலம், இடம், மறுபடி வலம்.
அதோடு விடமாட்டாள்,
உடம்பை முன்னே சாய்த்தும் பார்க்க வேண்டும்.
கண்ணாடி ஓரத்து இரும்புத் தூணுக்குப் பின்னால்
ஒரு மோட்டார்சைக்கிள் முழுசாய் ஒளிந்துகொள்ளுமாம்.
குடும்பத்தோடு.

முதல் நாள் இங்கே நாலு முறை இன்ஜின் அணைந்தது.
பின்னால் ஹார்ன் அடித்தவர்களில்
எங்கள் ஆலை மேனேஜரும் ஒருவர்.
கிளட்சைக் கால் விடும் வேகம்
பயத்தைக் கேட்டுத்தான் நடக்கிறது.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும்,
ஹஸ்லிண்டாவுக்குத் தெரியாது.
காலி லாரி கடகடவென்று
குதித்துக்கொண்டு வரும், தூரத்திலேயே கேட்கும்.
சுமை லாரியோ அடக்கமாய் வரும்.
டயரின் தொந்தியைப் பார்,
பட்டைவில் நிமிர்ந்து கிடப்பதைப் பார்,
பதினொரு டன்னுக்குக் குறையாது.
மெதுவாய்த்தானே வருகிறது என்று தோன்றும்.
அதற்கு நிற்க மட்டும் வராது.
"இதை விடலாம்" என்றேன்.
விட்டோம்.
பழச்சாறும் மண்ணும் ரோட்டில் சொட்டிக்கொண்டு
அது போய் முடிய
வெகுநேரம் ஆனது.

அடுத்து வந்தது இருதயம் அண்ணன்.
தினம் இரண்டு நடை எடை போடுகிறவர்,
எடைச்சீட்டின் கடைசி நாலு எண்ணை
நம்பர் கடையில் எழுதுகிறவர்.
என்னைக் கண்டதும் லாரியையே நிறுத்திவிட்டார்.
முகமெல்லாம் சிரிப்பு.
போம்மா போ என்று
கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பதுபோல்
கையை வீசினார்.

முதல் கியர். கிளட்ச் ஏறியது. கார் நகர்ந்தது.
அந்தக் கையைத் தவிர
நான் எதையும் பார்க்கவில்லை.
கானானும் இல்லை, கீரியும் இல்லை.

மூக்கு கோட்டைத் தாண்டிய நொடி
கார் தானாகவே குத்தி நின்றது.
ஹஸ்லிண்டாவின் செருப்பு
பிரேக்கின் மேல் வெளுத்து அழுந்தியிருந்தது.
லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவிலிருந்த இடுக்கில்
பள்ளிக்கூடச் சட்டையோடு இரண்டு பையன்கள்
ஒரே மோட்டாரில் சீறிப் போனார்கள்.
பின்னால் இருந்தவன் கையில்
உறிஞ்சுகுழலோடு ஐஸ் மைலோ பொட்டலம்.
சிந்தக்கூட இல்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு அவள் சொன்னாள், மலாயில், மெதுவாக:
அவர் தன் வழியைத்தான் தர முடியும், காக்.
அடுத்தவன் வழி அவர் கையில் இல்லை.

இருதயம் அண்ணன் இன்னும்
கை காட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை மேடையேறினார்.
"லைசன் கெடச்சிருச்சா?"
"இன்னும் இல்ல.
அண்ணே, ரோட்டுல எனக்குக் கை காட்டாதீங்க."
"ஒரு மரியாதைக்குத்தானே" என்றார்,
குரல் சுருங்கிப்போய்.
எப்படிச் சொல்வது?
கண்ணாடித் தடுப்பின் இந்தப் பக்கம் நான்
எதையோ தேடுவதுபோல் சீட்டுக்கட்டைப் புரட்டினேன்.

எண் நடுங்கிக்கொண்டிருந்தது.
அது அடங்கும்வரை
இரண்டு பேரும் காத்திருந்தோம்.