பழுது, நாலு கஜம்

யுத்தம் எங்கள் ஊருக்குக் கடல்வழியாக வரவில்லை.
அம்பாசமுத்திரத்திலிருந்து கரிவாயு பஸ்ஸில்
ஒரு சர்க்குலராக வந்தது.
விக்கிரமசிங்கபுரம் மேட்டில் பஸ் மூச்சுவாங்கி நிற்க
இறங்கித் தள்ளியவர்கள் நாங்கள்தான்.

மறுநாள் வேட்டிநூல் நின்றது. தறியெல்லாம் காக்கி.
மூன்று ஷிப்ட். ராத்திரியில் ஜன்னலுக்குக் கறுப்புத்தாள்.
வெளியே அருவி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது,
அதை அணைக்க யாருக்கும் உத்தரவு வரவில்லை.

நான் துணி பார்க்கிறவன்.
சாய்ந்த பலகையில் துணி இறங்க இறங்க
இழை விட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல்குறி.
பன்னிரண்டு வருஷம். என் குறி பொய்த்ததில்லை.

ஆள் எடுக்க வந்த ஹவில்தார்
சொரிமுத்துவின் நெஞ்சை நாடாவால் அளந்தான்.
முப்பத்திமூன்று அங்குலம். போதும்.
பர்மா எந்தப் பக்கம் என்று கேட்டான் சொரிமுத்து.
ஹவில்தார் மேற்கே, பொதிகையைக் காட்டினான்.

நூல் சுற்ற அவன் பெண்டாட்டி உலகம்மாள் வந்தாள்.
அரிசிக்குக் கார்டு, சீமெண்ணெய்க்குக் கார்டு,
துணிக்கும் கார்டு.
வண்டிவண்டியாகத் துணி போகிற ஊரில்
ஒரே சேலையில் பாதி உடுத்திப் பாதி உலர்த்தினாள்.

ஐப்பசியில் குளிர்காய்ச்சல்.
கொய்னா எல்லாம் பட்டாளத்துக்குப் போயிருந்தது,
கொசு மட்டும் போகவில்லை.
விடியுமுன் முடிந்தது.

கோடித்துணிக்குப் பர்மிட் வேண்டும்,
பர்மிட்டுக்குத் தாசில்தார் வேண்டும்,
தாசில்தார் யுத்த நிதிக் கூட்டத்துக்குத் தென்காசி போயிருந்தார்.

அன்றைக்குப் பழுதில்லாத துணியில் குறி போட்டேன்.
கை கோணவில்லை.
கத்திரி வைத்தவன் எதுவும் கேட்கவில்லை.
கேட்டில் சோதிக்கிற சிவனணைந்தான்
என் வயிறு திடீரென்று பருத்திருப்பதைப் பார்த்துவிட்டு
ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏட்டி, சுமங்கலிக்குக் காக்கியா?"
"அவ மாப்பிள உடுத்திருக்கதும் இதுதானட்டி."
பிறகு யாரும் பேசவில்லை.
மஞ்சள் அரைக்கப் போய்விட்டார்கள்.

தாமிரபரணிக் கரையில் தீ ஏறியபோது
முதலில் எழுந்தது கஞ்சிப்பசை மணம்.
ஷிப்டுக்குத் திரும்பினால் அங்கேயும் அதே மணம்.

பேரேட்டில் எழுதினேன்: பழுது, நாலு கஜம்.
காரணம் என்ற கட்டத்தில்: இழை அறுந்தது.

மாசியில் அவள் பேருக்கு ஒரு கடிதம்.
பாதி வரிகளில் சென்சார் மை.
மிச்சத்தைத் தபால்காரர் என்னிடம்தான் கொடுத்தார்.
நலம். இங்கே ஓயாத மழை.
தினம் ஒரு கொய்னா கட்டாயம் விழுங்கச் சொல்கிறார்கள்.
ரொம்பக் கசக்கிறது, என்று எழுதியிருந்தான்.