ஆறு வரை

புதன்தோறும் முத்துப்பேட்டை ஆஸ்பத்திரி, கடைசி அறை.
நிதர்சன் மேசைக்கடியில் ஒளிவான்.
ஜெசிந்தா மிஸ்ஸும் புடவையைச் செருகிக்கொண்டு
உள்ளே தவழ்ந்துபோய் உட்காருவார்.
கையைக் கடிக்கத் தோணினால் பத்துமுறை ஊது
என்றது அங்கேதான்.
ஆறு வரை வந்திருந்தான்.

இந்தப் புதன் அறைமுழுக்க அட்டைப்பெட்டி.
திட்டம் மாறிடுச்சாம்,
இனி திருவாரூர், புது கார்டு, புது வரிசை.
"மிஸ்ஸு?"
"அவங்களுக்கு ஆர்டர் வரலம்மா."

மேட்டூர் திறந்தால்
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர
எத்தனை நாளென்று சொல்லிவிடுவேன்.
இதற்குக் கணக்கு தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மணிக்கட்டு
அவன் வாய்க்குப் போனது.
சீட்டுக்கடியில் இறங்கினேன்,
அவனும் இறங்கினான்.
கண்டக்டர் டிக்கெட்டோடு குனிந்து பார்க்க
ஊதினோம்.
ஆறு.
மறுபடி ஆறு.
அப்புறம் எச்சில் தெறிக்க,
ஏழு மாதிரி ஒன்று.